நீச்சல் குளத்தோடு ஒரு வாடகை வீடு: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும்

சென்னையில் ஐ.டி.யிலோ வங்கியிலோ பதினைந்து வருடம் ஓட்டி, கையில் கொஞ்சம் காசு சேர்ந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். சீக்கிரமே இந்த யோசனை வந்துவிடும்: ஈ.சி.ஆர். என்ற கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீச்சல் குளத்தோடு ஒரு வீடு. சனி, ஞாயிறு வாடகைக்கு விட்டால் இஎம்ஐ தானாகக் கட்டிக்கொள்ளும். புரோக்கர் அனுப்பும் படத்தில் தண்ணீர் பளிச்சென்று நீலமாக இருக்கும். ஓரத்தில் இரண்டு சாய்வு நாற்காலி, ஒரு தென்னை மரம்.

யோசனை மோசமில்லை. நீலாங்கரையில் தொடங்கி கோவளம், மாமல்லபுரம் வரை இப்படிப் பல வீடுகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. "பூல் இருக்கா?" என்பதுதான் வாடகைக்குக் கேட்பவர்களின் முதல் கேள்வி. ஆனால் வாங்குகிறவர்கள் கணக்குப் போடும்போது வீட்டுக்குப் போடுகிறார்கள், குளத்துக்குப் போடுவதில்லை. வீட்டைப் பூட்டி வைத்தால் தூசி படியும், அவ்வளவுதான். குளத்தை ஏப்ரல் வெயிலில் மூன்று நாள் கவனிக்காமல் விட்டால் பச்சை கட்டிவிடும். அதற்குப் பொங்கல் லீவு, தீபாவளி லீவு எதுவும் தெரியாது.

அதனால் இதை இரண்டாவது வேலையாக நினைத்து முடிவெடுங்கள். அந்த வேலையில் உங்களிடம் சம்பளம் வாங்கும் ஆட்களில் முக்கியமானவர் குளம் பார்ப்பவர். மேலாளர், சமையல்காரர், புக்கிங் பார்க்கும் தம்பி எல்லோரும் அவருக்கு அடுத்துதான். அவர் சரியாக அமைந்தால் தொழில் நடக்கும். அமையாவிட்டால் எந்த இத்தாலிய மொசைக்கும் காப்பாற்றாது.

வாங்கும் முன்

பத்திரம், பட்டா, வில்லங்கம் எல்லாம் வழக்கறிஞர் பார்ப்பார். கடற்கரையை ஒட்டிய இடமென்றால் கூடுதலாக ஒன்று கேளுங்கள்: உயர் அலைக் கோட்டிலிருந்து வீடு எத்தனை மீட்டர், குளம் எத்தனை மீட்டர்? கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 2011இல் ஒன்று, 2019இல் ஒன்று வந்தது. உங்கள் மனை எந்த வகைப்பாட்டில் வருகிறது என்பதை வரைபடத்தில் பார்த்துத்தான் சொல்ல முடியும். வீட்டுக்கு அனுமதி வாங்கிவிட்டு, குளத்தைப் பிறகு சத்தமில்லாமல் தோண்டிய இடங்கள் உண்டு. அனுமதி பெற்ற வரைபடத்தில் குளம் இருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். கொச்சிக்குப் பக்கத்து மரடில் 2020 ஜனவரியில் அடுக்குமாடிகளை வெடி வைத்துத் தகர்த்தது இதே கடலோர விதிமீறலுக்காகத்தான். அங்கே ஃபிளாட் வாங்கியவர்களிடமும் பத்திரம் இருந்தது.

உத்தண்டி வரை சென்னை மாநகராட்சி. கானத்தூரிலிருந்து செங்கல்பட்டு மாவட்டத்து உள்ளாட்சிகள். தொழில் உரிமம், சொத்து வரி, குளத்துக்கான அனுமதி எல்லாவற்றுக்கும் எந்த அலுவலகப் படி ஏற வேண்டும் என்பது இதை வைத்துத்தான் மாறும். முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்தப் படியை ஒருமுறை ஏறி விசாரித்துவிடுங்கள்.

குளத்தைப் பார்க்கப் போகும்போது இரண்டு வேலை செய்யலாம். முதலாவது, வாளிச் சோதனை. ஒரு வாளியில் குளத்துத் தண்ணீரையே நிரப்பி, குளத்தின் முதல் படியில் வையுங்கள். வாளிக்குள் ஒரு கோடு, குளத்துச் சுவரில் ஒரு கோடு. மறுநாள் இதே நேரத்தில் வந்து பாருங்கள். வெயிலுக்கு இரண்டும் ஒரே அளவு குறைந்திருக்க வேண்டும். குளம் அதிகமாக இறங்கியிருந்தால் கசிவு. விற்பவர் இதற்கு ஒத்துக்கொள்ளத் தயங்கினால் அதுவே பதில். இரண்டாவது, மோட்டார் ரூமைத் திறக்கச் சொல்லுங்கள். ஹாலில் சோபா எப்படி இருக்கிறது என்று பார்ப்பதைவிட இது பத்து மடங்கு முக்கியம். ஃபில்டர் தொட்டியில் பிரஷர் கேஜ் வேலை செய்கிறதா, ஸ்விட்ச் போர்டு உப்புக் காற்றில் அரித்திருக்கிறதா, குளோரின் டப்பாவை அந்தப் போர்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். குளோரின் ஆவி செம்பையும் இரும்பையும் தின்றுவிடும். அந்த ரூம் பத்து வருடக் கதையை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடும். கடலுக்குப் பக்கமென்றால் ஏணி, கைப்பிடி எல்லாம் 316 ரக எவர்சில்வரா என்றும் கேளுங்கள். 304 ரகம் உப்புக் காற்றில் சீக்கிரம் துருப்புள்ளி வைக்கும்.

தண்ணீர் எங்கிருந்து வரும்

30 அடி நீளம், 15 அடி அகலம், சராசரி நாலரை அடி ஆழம். ஈ.சி.ஆர். வீடுகளில் இது நடுத்தர அளவு. இதில் சுமார் 57,000 லிட்டர் பிடிக்கும். 12,000 லிட்டர் லாரி என்றால் ஐந்து லோடு. நிரப்புவது ஒருமுறைச் செலவு. தினசரி கோடையில் ஆவியாகிப் போவது மட்டும் 200 லிட்டருக்கு மேல். ஃபில்டரைத் திருப்பிக் கழுவும் ஒவ்வொரு பேக்வாஷுக்கும் ஐந்நூறு, எழுநூறு லிட்டர் வெளியே போகும். பிள்ளைகள் குதித்துக் கொட்டுவது தனி.

போர் போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பீர்கள். திருவான்மியூரிலிருந்து கோவளம் வரையிலான கடலோர மணலடி நீர், கடல் நீர் உள்ளே புகுந்துவிடும் என்று பல ஆண்டுகளாகக் கவலையோடு கவனிக்கப்படும் ஒன்று. சென்னைப் பெருநகரப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் 1987லேயே வந்தது. அது பொருந்தும் கிராமங்களில் புதுக் கிணறு, போர் எல்லாவற்றுக்கும் அனுமதி வேண்டும். கடற்கரை விடுதிகளுக்கான வழிகாட்டு விதி, உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் நிலத்தடி நீரே எடுக்கக் கூடாது என்கிறது. சட்டத்தைத் தள்ளி வைத்தாலும் தண்ணீரின் குணம் இருக்கிறது. இரும்புச்சத்துள்ள போர் தண்ணீரில் குளோரினைப் போட்டதும் குளம் டீ நிறத்துக்கு மாறும். வெள்ளிக்கிழமை மாலை வரும் விருந்தாளிக்கு அதை விளக்கிச் சொல்லிப் பயனில்லை.

2019 கோடையில் சென்னையே குடத்தோடு தெருவில் நின்றது ஞாபகம் இருக்கும். அப்படி ஒரு வருடம் மறுபடி வந்தால், பக்கத்துக் குப்பத்தில் குடிக்கத் தண்ணீர் இல்லாதபோது உங்கள் கேட்டுக்குள் டேங்கர் லாரி நுழைவதை ஊர் சும்மா பார்த்துக்கொண்டிருக்காது. இருக்கவும் வேண்டியதில்லை. அந்த மாதங்களுக்குக் குளத்தை மூடி வைக்கும் கணக்கும் உங்களிடம் இருக்கட்டும். இரவில் குளத்தை மூடும் விரிப்பு ஒன்று வாங்கினால் ஆவியாதல் பெருமளவு குறையும். ஈ.சி.ஆரில் பலரும் வாங்காத பொருள் அது. படத்துக்கு அழகாக இருக்காது என்பார்கள்.

உரிமையாளர் தெரிந்துகொள்ள வேண்டிய நாலு எண்

நீங்களே வலை பிடித்து இலை வாரத் தேவையில்லை. ஆனால் டெஸ்ட் கிட்டைப் பார்த்துப் படிக்கத் தெரியாத உரிமையாளரை யார் வேண்டுமானாலும் ஏமாற்றலாம்.

பி.எச். 7.2க்கும் 7.8க்கும் நடுவில் இருக்க வேண்டும். கீழே போனால் தண்ணீர் டைல்ஸ் இடுக்கையும் உலோகத்தையும் அரிக்கும். மேலே போனால் எவ்வளவு குளோரின் கொட்டினாலும் வேலை செய்யாது, கண் எரியும். ஏற்றுவதற்கு சோடா ஆஷ், இறக்குவதற்கு ஆசிட்.

குளோரின் 1 முதல் 3 பிபிஎம். ஒரு தகவலை இங்கே சொல்லியாக வேண்டும். "குளோரின் வாடை தூக்குது, அதிகமாப் போட்டுட்டாங்க" என்று விருந்தாளிகள் சொல்வார்கள். நடப்பது பெரும்பாலும் நேர்மாறு. குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து உண்டாகும் குளோரமைன்தான் அந்த வாடைக்குக் காரணம். குளோரின் பற்றவில்லை என்று அர்த்தம். அன்று இரவு அளவைக் கூட்டிப் போட வேண்டும். தொழிலில் இதை ஷாக் கொடுப்பது என்பார்கள்.

காரத்தன்மை 80 முதல் 120 பிபிஎம். இது சரியாக இருந்தால்தான் பி.எச். ஒரு இடத்தில் நிற்கும். குறைந்தால் ஆப்பசோடாவே போதும். நம் 57,000 லிட்டர் குளத்தில் 10 பிபிஎம் ஏற்ற ஒரு கிலோ.

நாலாவது எண்ணைத்தான் பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை: சயனூரிக் அமிலம். வெயிலில் குளோரின் சீக்கிரம் செத்துவிடாமல் காப்பது இது. 30 முதல் 50 பிபிஎம் இருந்தால் நல்லது. சென்னையில் எல்லாக் கடையிலும் கிடைக்கும் டிசிசிஏ 90 என்ற குளோரினுக்குள்ளேயே இது கலந்திருக்கிறது. இந்தக் குளத்தில் குளோரினை 1 பிபிஎம் ஏற்ற 63 கிராம் டிசிசிஏ போதும். வசதியான பொருள்தான். சிக்கல் என்னவென்றால் குளோரின் செலவாகிவிடும், சயனூரிக் அமிலம் தங்கிவிடும். தினம் 2 பிபிஎம் வீதம் இரண்டு மாதம் இதையே போட்டால் 70 பிபிஎம்முக்கு மேல் ஏறியிருக்கும். அதற்கப்புறம் குளோரின் அளவு கிட்டில் சரியாகக் காட்டும், தண்ணீரோ பாசி பிடிக்கும். பூல் பாய் இன்னும் கொட்டுவார், கடைக்காரர் இன்னும் விற்பார். தீர்வு பாதித் தண்ணீரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விடுவதுதான். டிசிசிஏயையும் கால்சியம் ஹைப்போ என்ற ஹைப்போகுளோரைட்டையும் பருவம் பார்த்து மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் இந்த நிலை வராது.

மாற்றிப் பயன்படுத்தலாம், கலக்கக் கூடாது. இரண்டையும் ஒரே வாளியில் போட்டால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஒன்றுக்குப் பயன்படுத்திய கரண்டியை மற்றதற்குத் தொடக் கூடாது. ஆசிட்டும் குளோரினும் சேர்ந்தால் விஷ வாயு. மருந்தைத் தண்ணீரில் போட வேண்டும், மருந்தின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. இவற்றை மோட்டார் ரூம் சுவரில் பெரிய எழுத்தில் தமிழிலும், வேலை செய்பவர் வடமாநிலத்தவர் என்றால் இந்தியிலும் எழுதிப் போடுங்கள். கையுறை, கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். கொடுத்ததோடு நிற்காமல் போட்டுக்கொள்கிறாரா என்றும் பாருங்கள்.

மயில்துத்தம் பற்றி ஒரு வார்த்தை. பாசிக்கு அது கேட்கும், உண்மைதான். அளவு தப்பினால் சுவரில் கறை படியும், நரைத்த தலைமுடி பச்சையாகும். கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை காலை

ஞாயிற்றுக்கிழமை இரவு இருபது பேர் ஆடிவிட்டுப் போன குளத்தைத் திங்கட்கிழமை காலை ஒரு கைதேர்ந்த ஆள் எப்படி அணுகுகிறார் என்று ஒருமுறை நின்று பாருங்கள். முதலில் எதையும் தொட மாட்டார். கரையில் நின்று ஆழமான மூலையைப் பார்ப்பார். அடியில் உள்ள டிரெயின் மூடியின் கம்பிகள் தனித்தனியாகத் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் அன்றைய வேலை வேறு மாதிரி.

அடுத்து மோட்டாரை நிறுத்திவிட்டு ஸ்ட்ரெய்னர் கூடையைத் திறப்பார். தலைமுடி உருண்டை, கொண்டை ஊசி, சவுக்கு இலை, ஒரு பேண்டேஜ், சிப்ஸ் பாக்கெட்டின் கிழிந்த முனை. கூடவே மெல்லிய பஞ்சு நூல் திரண்டிருக்கும். நம் ஊரில் பாதிப் பேர் சுடிதாரோடும் காட்டன் டி-ஷர்ட்டோடும்தான் இறங்குகிறார்கள். அந்தத் துணிகளிலிருந்து உதிரும் நூல் ஃபில்டரை அடைக்கும். வெளிநாட்டுக் கையேடுகளில் இதெல்லாம் இருக்காது. தேங்காய் எண்ணெயும் இருக்காது. தலைக்கு எண்ணெய் வைத்தபடி இறங்கியவர்களால் தண்ணீர் மட்டத்தில் டைல்ஸைச் சுற்றிப் பழுப்பாக ஒரு கோடு ஓடியிருக்கும். ஆப்பசோடாவில் நனைத்த ஸ்பாஞ்சால் அதைத் தேய்த்துக்கொண்டே சுற்றி வருவார்.

பிறகு பிரஷர் கேஜ். சுத்தமான ஃபில்டரில் 12 காட்டிய முள் 20ஐத் தொட்டிருந்தால் பேக்வாஷ் நேரம். எட்டு, பத்து பி.எஸ்.ஐ. ஏறினால் செய்ய வேண்டும். தினமும் செய்வது தண்ணீருக்குத் தண்டம். மல்டிபோர்ட் வால்வின் கைப்பிடியைத் திருப்பும் முன் மோட்டாரை நிறுத்துகிறாரா என்று கவனியுங்கள். ஓடும்போதே திருப்புபவர் உள்ளே இருக்கும் கேஸ்கெட்டைச் சீக்கிரம் கிழித்துவிடுவார். ஒரு ஆள் தொழில் தெரிந்தவரா இல்லையா என்பதற்கு இந்த ஒரு அசைவே போதும். பேக்வாஷ் முடிந்து, ரின்ஸ் விட்டு, மறுபடி ஃபில்டருக்கு மாற்றி, அடியில் வேக்யூம் போட்டு, கடைசியாக டெஸ்ட் கிட். குளோரினை வெயில் சாய்ந்த பிறகுதான் போடுவார். பகலில் போட்டால் பாதி சூரியனுக்குப் போகும்.

மொத்தம் இரண்டு, இரண்டரை மணி நேரம். ஒருவரே ஒரு நாளில் எட்டு வீடு சுற்றினால் எதைச் செய்வார், எதை விடுவார் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். வருட ஒப்பந்தத்தில் குறைந்த தொகைக்கு எடுத்த ஏஜென்சிகள் பலவற்றின் ரகசியம் அதுதான்.

அவருக்குச் சந்தை நிலவரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுங்கள். உங்கள் தொழிலில் சனி, ஞாயிறு, பண்டிகை எல்லாம் அவருக்கு வேலை நாள். ஆகவே வார விடுப்பு செவ்வாயோ புதனோ உறுதியாக இருக்கட்டும். அன்றைக்குப் பார்க்க வாட்ச்மேனுக்கும் வேலையைக் கற்றுக்கொடுங்கள், அதற்குத் தனிப்படி கொடுங்கள். தினமும் ஒரு நோட்டில் பி.எச்., குளோரின், பிரஷர், என்ன மருந்து எத்தனை கிராம் என்று எழுதச் சொல்லுங்கள். டெஸ்ட் கிட்டைக் கையில் பிடித்து ஒரு வாட்ஸ்அப் படம். உங்கள் பக்கத்திலிருந்து அதற்கு ஒரு பதில் தினமும் போக வேண்டும். பதில் வராத நோட்டை யாரும் உண்மையாக எழுத மாட்டார்கள். காப்பீட்டில் அவருக்கான தொழிலாளர் இழப்பீடும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உயிர் விஷயம்

இதில் பேரம் கிடையாது. சிறு குழந்தை தண்ணீரில் மூழ்கும்போது சத்தம் போடாது, கையை ஆட்டாது. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். பத்து பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருக்கும் இடத்திலேயே இது நடக்கிறது. ஒவ்வொருவரும் அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று நினைப்பதுதான் காரணம். குளத்தைச் சுற்றி நாலு பக்கமும் வேலி போடுங்கள். வீட்டின் கதவை நாலாவது பக்கமாகக் கணக்கில் சேர்க்காதீர்கள். குழந்தை வருவதே அந்தப் பக்கத்திலிருந்துதான். ஆஸ்திரேலியாவில் வீட்டுக் குளத்துக்கு வேலி சட்டப்படி கட்டாயம். 1.2 மீட்டர் உயரம், கீழே 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது, கேட் தானே சாத்திக்கொள்ள வேண்டும், தானே பூட்டிக்கொள்ள வேண்டும். அந்த அளவை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கடல் தெரியாது, படம் கெட்டுவிடும் என்று கட்டடக் கலைஞர் சொன்னால் கண்ணாடி வேலி போடச் சொல்லுங்கள்.

அடியில் உள்ள டிரெயின் மூடி இன்னொரு ஆபத்து. மோட்டாரின் இழுவிசை மொத்தமும் ஒரே துளையில் இருந்தால் தலைமுடியையோ உடலையோ பிடித்துக்கொள்ளும், பெரியவர் இழுத்தாலும் வராது. அமெரிக்க முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் ஏழு வயதுப் பேத்தி 2002இல் இப்படித்தான் வெந்நீர்த் தொட்டி ஒன்றில் இறந்தாள். அவள் பெயரிலேயே 2007இல் அங்கே சட்டம் வந்தது. தட்டையான மூடியை எடுத்துவிட்டுக் குவிந்த, பாதுகாப்பான மூடி போடுங்கள். ஒரே குழாயில் இணைந்த இரண்டு டிரெயின்களை ஒன்றுக்கொன்று மூன்றடியாவது தள்ளி அமையுங்கள். உடைந்த மூடி கண்ணில் பட்டால் புது மூடி வரும்வரை குளம் கிடையாது, முழு வாடகையைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தாலும் சரி.

தண்ணீருக்குள் எரியும் விளக்கு 12 வோல்ட்டாக, டிரான்ஸ்ஃபார்மர் வழியாக இருக்க வேண்டும். மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். எர்த்தை வருடம் ஒருமுறை எலக்ட்ரீஷியனை வைத்து அளந்து பாருங்கள்.

நாலரை அடிக் குளத்தில் தலைகீழாகப் பாய்ந்தால் கழுத்து எலும்பு போகும். ஆழத்தை நாலு இடத்தில் அடிக்கணக்கில் எழுதுங்கள். மிதவை வளையம், கயிறு, நீளக் கழி ஆகியவை பூட்டி வைக்காமல் கைக்கு எட்டும் இடத்தில் தொங்கட்டும். வீட்டில் இரவு தங்கும் பணியாளர் ஒருவருக்காவது முதலுதவிப் பயிற்சி கொடுத்து வையுங்கள். செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் நடத்துகின்றன. நீரில் மூழ்கியவருக்கு முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்க வேண்டும், பிறகுதான் நெஞ்சை அழுத்துவது. இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, பயிற்சியில்தான் வரும்.

"எது நடந்தாலும் உரிமையாளர் பொறுப்பல்ல" என்று விருந்தாளியிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கவனக்குறைவால் உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவு ஐந்தாண்டு வரை சிறை என்கிறது. அந்தக் கையெழுத்து குற்ற வழக்கிலிருந்து உங்களைக் காப்பாற்றாது.

விருந்தாளிகளும் விதிகளும்

விதிகள் குறைவாக இருந்தால்தான் நடக்கும். குளத்தின் பக்கம் கண்ணாடிப் பொருள் எதுவும் கூடாது என்பதை முதலில் வையுங்கள். ஒரு பீர் பாட்டில் குளத்துக்குள் உடைந்தால் கண்ணாடித் துண்டு தண்ணீரில் தெரியாது. முழுக் குளத்தையும் இறைத்து வாரித்தான் ஆக வேண்டும், ஐந்து லாரித் தண்ணீர் போச்சு. ஸ்டீல் டம்ளரும் பிளாஸ்டிக் கோப்பையும் நீங்களே வாங்கி வையுங்கள். வைத்திருந்தால் பயன்படுத்துவார்கள். இறங்கும் முன் ஷவர். குடித்தவர் இறங்கக் கூடாது. இரவு பத்து மணிக்குக் குளம் மூடும், பாட்டும் நிற்கும். பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்கு 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளே தடை போட்டிருக்கின்றன, விருந்தாளியிடம் சட்டத்தைக் காட்டிப் பேசுவது சுலபம். தலைக்கணக்கைப் புக்கிங்கிலேயே எழுதி வாங்குங்கள். எட்டுப் பேர் என்று சொல்லி மூன்று காரில் வருவது வழக்கம்.

குழந்தை குளத்தில் மலம் கழித்துவிட்டால் பதற வேண்டாம். எல்லோரையும் வெளியேற்றி, அள்ளி எடுத்து, குளோரினை 2 பிபிஎம்மிலும் பி.எச்.சை 7.5க்குள்ளும் வைத்து அரை மணி நேரம் விட்டால் போதும். வயிற்றுப்போக்கு என்றால் கதை வேறு, மிக அதிக அளவு குளோரினில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் மூட வேண்டியிருக்கும். அன்று இரவு வாடகை இல்லை.

வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்கு இணையத்தில் தகவல் தர வேண்டும். சொந்த வீடுதானே என்று இதை விட்டுவிடுபவர்கள் பலர்.

ஊரோடு உறவும் இதில்தான் வரும். பேக்வாஷ் தண்ணீரைக் குழாய் போட்டுக் கடற்கரையிலோ பக்கத்து வீட்டுத் தென்னையடியிலோ விடாதீர்கள். ஒரு சோக் பிட் தோண்டுங்கள். வாட்ச்மேனையும் சமையல் அம்மாவையும் பக்கத்துக் குப்பத்திலிருந்தே எடுத்தால் பாதிப் புகார் கேட்டுக்கு வெளியேயே தீர்ந்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகை

வடகிழக்குப் பருவத்தில் புக்கிங் படுக்கும், வேலை கூடும். மழைத் தண்ணீர் மருந்தைக் கரைத்து எண்களைக் கலைத்துவிடும். ஆள் இல்லாத குளம் கொசுவுக்குப் பண்ணை. சுகாதார ஆய்வாளர் வந்து நோட்டீஸ் ஒட்டினால் அவர் மேல் தப்பில்லை. வாடகைக்கு ஆள் இல்லாத வாரத்திலும் மோட்டார் ஓட வேண்டும்.

புயல் எச்சரிக்கை வந்ததும் பலர் செய்யும் விபரீதம், குளத்தைக் காலி செய்வது. கடற்கரை மணலில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மட்டம் மேலே ஏறியிருக்கும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை அதன் எடை தொட்டியை அழுத்திப் பிடிக்கும். காலி செய்தால் கீழிருந்து தண்ணீர் முட்டித் தள்ளும், கான்கிரீட் விரிசல் விடும், ஃபைபர் தொட்டி அப்படியே மேலெழும்பி வந்துவிடும். ஓரடி இறக்கினால் போதும், மழை அதை நிரப்பிவிடும். மோட்டாருக்கு மின் இணைப்பைத் துண்டித்து, முடிந்தால் கழற்றி உயரத்தில் வையுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு புறநகரில் பல இடங்களில் நாள் கணக்கில் கரண்ட் வரவில்லை. அப்போது கைவசம் திரவ குளோரின் இருந்தால் வாளியில் கரைத்துச் சுற்றி ஊற்றி, பிரஷ்ஷால் கலக்கிக் காலத்தை ஓட்டலாம். குளத்தைக் காலி செய்து டைல்ஸ் பார்க்கும் வேலையெல்லாம் சித்திரை, வைகாசியில்தான்.

பணம்

வருடத்தில் 104 சனி, ஞாயிறு நாட்கள். மழைக்காலம், தேர்வுக்காலம், ரிப்பேர் கழித்து 70 இரவு ஓடியது, இரவுக்கு 18,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 12,60,000 வரும். இந்த எண்ணோடு நின்றுவிடும் கணக்கைத்தான் புரோக்கர் காட்டுவார். சம்பளம், ஆப் கமிஷன், சலவை, லாரித் தண்ணீர், மருந்து எல்லாம் இதற்குக் கீழே வரும். ஒன்றரை குதிரைத் திறன் மோட்டார் எட்டு மணி நேரம் ஓடினால் நாளுக்குக் குறைந்தது 9 யூனிட், மாதம் 270. குளத்துக்குத் தனி நோட்டுப் போடுங்கள். ஃபில்டர் மணலை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மோட்டாரும் டைல்ஸ் இடுக்கும் அதற்கு முன்னேகூடக் கேட்கும். மாதாமாதம் ஒரு தொகையை அதற்கென்று ஒதுக்காதவர், ஏதோ ஒரு மே மாதத்தில் கடன் வாங்குவார்.

வீட்டு உபயோக ஈ.பி. இணைப்பிலேயே நாள் வாடகைத் தொழிலை ஓட்டாதீர்கள். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆவது பிரிவில், அனுமதித்த நோக்கத்தை விட்டு வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்தினால் இரு மடங்குக் கட்டணம் போட இடமுண்டு.

ஜிஎஸ்டி பதிவு சேவைத் தொழிலுக்கு வருடம் 20 லட்சம் தாண்டினால். அதற்குக் கீழே இருந்து ஆப் வழியாக வாடகைக்கு விட்டால், வரியை ஆப் நிறுவனமே வசூலித்துக் கட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தங்கும் அறைக்கு நாள் வாடகை 7,500 வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18. வருமான வரியில் ஒரு மாற்றம் பலருக்கு இன்னும் தெரியவில்லை. 2024 நிதிச் சட்டத்துக்குப் பிறகு, குடியிருப்பு வீட்டை வாடகைக்கு விட்ட வருமானத்தை வணிக வருமானம் என்று காட்ட முடியாது, வீட்டுச் சொத்து வருமானம்தான். அதில் பராமரிப்புக்கு 30 சதவீதக் கழிவு மட்டும். பூல் பாய் சம்பளத்தையோ குளோரின் பில்லையோ தனியாகக் கழிக்க முடியாது. சமையல், பணியாளர், தினசரிச் சேவை எல்லாம் சேர்ந்த நாள் வாடகை எந்தப் பக்கம் நிற்கும் என்பதை வாங்கும் முன்பே ஆடிட்டரிடம் எழுத்தில் கேளுங்கள். லாபமே அந்தப் பதிலில் இருக்கலாம்.

ஒரே குடும்பத்துக்கு விடுவதென்றால்

வாராவாரம் ஆள் மாற்றும் தெம்பு இல்லாதவர்கள் ஒரு குடும்பத்துக்கு வருடக்கணக்கில் விடலாம். வருமானம் குறையும், தூக்கம் வரும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தமும் பதிவும் வேண்டும். வேறு மாதிரி ஒப்புக்கொண்டு எழுதாதவரை, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. குளத்துக்குத் தனிப் பத்தி எழுதுங்கள்: மருந்துச் செலவு யாருடையது, உங்கள் ஆள் வாரத்தில் எந்தெந்த நாள் எத்தனை மணிக்கு உள்ளே வருவார், வேலிக் கதவு பழுதானால் யாருக்கு எப்போது சொல்ல வேண்டும். "நாங்க நீச்சல் அடிக்கறதில்ல, மோட்டாரை நிறுத்திடறோம்" என்று குடியிருப்பவர் சொல்ல முடியாதபடி ஒரு வரி அவசியம். ஆனால் பராமரிப்பைக் குடியிருப்பவர் தலையில் முழுக்கக் கட்டாதீர்கள். அவர் காலி செய்யும் நாளில் பாசியும் கறையும்தான் உங்களுக்குத் திரும்பி வரும்.

வீட்டையே எடுத்து நடத்தித் தருகிறோம், வருமானத்தில் பங்கு தருகிறோம் என்று வரும் நிறுவனங்களும் உண்டு. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வேறு வழியில்லை. ஒப்பந்தம் போடும் முன் அவர்கள் இப்போது நடத்தும் ஒரு வீட்டின் குள நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். புக்கிங், சமையல், சலவை எல்லாம் அவர்களிடமே இருக்கட்டும். குளம் பார்ப்பவர் மட்டும் உங்கள் சம்பளப் பட்டியலில் இருக்கட்டும், அவருடைய தினசரிப் படம் நேரே உங்கள் போனுக்கு வரட்டும்.